பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடையே: கல்லூரி மாணவர் நலனும் நோய்த்தடுப்பும்

தேனி மாவட்டத்தின் கம்பம் நகரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால், கேரள எல்லையைத் தொடுமிடத்தில் இருப்பது கம்பம்மெட்டு. இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டம், கருணாபுரம் ஊராட்சியைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிலும் ஏலத்தோட்டங்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோதும் மலைக்குக் குறுக்கே முன்பே இருந்த எல்லைக்கோடு நீடித்தது. ஆனால் மக்களின் பிழைப்பு அக்கோட்டைப் பார்த்து நின்றுவிடவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து தோட்ட வேலைக்கு ஜீப்புகள் நாள்தோறும் மேலே ஏறுகின்றன. மேலேயுள்ள குடும்பங்கள் சந்தைக்கும், மருத்துவத்திற்கும், பிள்ளைகளின் படிப்பிற்கும் கீழே இறங்குகின்றன.

அதே 1956ஆம் ஆண்டில் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தொடங்கப்பட்டது. இன்று கம்பம் பள்ளத்தாக்கிலும், மலைமேல் நெடுங்கண்டம், கட்டப்பனை ஆகிய ஊர்களிலும் கலை, அறிவியல், தொழில்நுட்பக் கல்லூரிகள் பல உள்ளன. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் இவற்றில் நிறையப் பயில்கிறார்கள். ஏலக்காய் எடுத்த கூலியிலும், சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பிலும், வங்கியின் கல்விக் கடனிலும் அவர்களுடைய படிப்பு நடக்கிறது.

கல்விக் கடன் கேட்டு வரும் குடும்பத்தாரிடம் நாங்கள் மதிப்பெண் சான்றிதழ், சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், வருமானச் சான்று ஆகியவற்றைக் கேட்கிறோம். இந்தக் காகிதங்கள் எல்லாவற்றிற்கும் அடிப்படையாக இருக்கும் ஒன்றை மட்டும் வங்கியும் கேட்பதில்லை. கல்லூரியும், பல நேரங்களில் வீட்டாரும்கூடக் கேட்பதில்லை. அது அந்த மாணவரின் உடல்நலம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன நோய் வந்துவிடப்போகிறது என்பதே பொதுவான எண்ணம். அந்த எண்ணம் சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்காணிப்பில் விழுந்த இடைவெளி

நம் நாட்டில் மாணவர் உடல்நலத்தைப் பற்றிய அக்கறை புதிதன்று. 1909ஆம் ஆண்டிலேயே பரோடா நகரில் பள்ளிச் சிறாருக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தப்பட்டது. 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, பள்ளி மருத்துவச் சேவை நாட்டில் ஏறத்தாழ இல்லை என்றே குறிப்பிட்டது. அந்நிலை மெல்ல மாறியது. 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையிலானோர்க்குப் பிறவிக் குறைபாடுகள், நோய்கள், சத்துக் குறைபாடுகள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகியன கண்டறியப்படுகின்றன. அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு நேரில் வருகிறது. 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரையிலானோர்க்கு உரியது.

வயதின் மறுமுனையில், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சில வகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றுக்கான தேசிய அளவிலான பரிசோதனை 30 வயதிலிருந்து தொடங்குகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வயதைக் கவனியுங்கள். பள்ளியில் தேடி வந்த மருத்துவக் குழு கல்லூரிக்கு வருவதில்லை. முப்பது வயதுக்குரிய பரிசோதனைக்கு இன்னும் பத்தாண்டு இருக்கிறது. கல்லூரிக் காலம் முழுவதும் இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. இவ்வயதில் மருத்துவச் சேவை இல்லை என்பதன்று. அது தேடி வராது, நாமே தேடிச் செல்ல வேண்டும் என்பதே உண்மை.

வங்கியில் ஒரு கடன் ஒரே நாளில் வாராக்கடன் ஆகிவிடுவதில்லை. தவணை தவறிய முதல் 30 நாளில் ஒரு குறிப்பு, 60 நாள் வரை அடுத்த குறிப்பு, 90 நாள் வரை மூன்றாவது குறிப்பு என்று அக்கணக்கு தனியே கவனிக்கப்படுகிறது. 90 நாளைக் கடந்த பிறகே அது வாராக்கடன் எனப்படும். முதல் குறிப்பிலேயே வாடிக்கையாளரை அழைத்துப் பேசினால், பெரும்பாலும் கணக்கு சீராகிவிடும். உடலும் இவ்வாறே முன்குறிப்புகளைத் தருகிறது. அவற்றைப் படிக்கும் ஏற்பாடுதான் நோய்த்தடுப்பு மருத்துவம்.

இரத்தசோகை: அமைதியான இழப்பு

மாணவர்களிடையே, சிறப்பாக மாணவியரிடையே, முதலில் படிக்கவேண்டிய முன்குறிப்பு இரத்தசோகை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கு இருந்தது. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களைக் கணக்கிட்டால், தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு, கேரளத்தில் 36.3 விழுக்காடு. எல்லைக்கு இருபுறமும் வாழும் நமக்கு இந்த வேறுபாடு சிந்திக்கத் தக்கது.

கருவுறாத பெண்ணுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தாலும், ஆணுக்கு 13 கிராமுக்குக் குறைந்தாலும் அது இரத்தசோகை. இதற்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. படியேறினால் மூச்சு வாங்குதல், வகுப்பில் சோர்வு, கவனச் சிதறல், தலைசுற்றல் ஆகியவையே அறிகுறிகள். வீட்டார் இதைச் சோம்பல் என்கிறார்கள்; ஆசிரியர் அக்கறையின்மை என்கிறார். ஒரு சொட்டு இரத்தத்தில் உண்மை தெரிந்துவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனை இலவசம்.

மருந்தும் எளியதே. 2018இல் தொடங்கிய இரத்தசோகையற்ற பாரதம் திட்டத்தின்படி, வளரிளம் பருவத்தினருக்கு 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அடங்கிய நீல நிற மாத்திரை வாரம் ஒன்று. இனப்பெருக்க வயதுப் பெண்களுக்குச் சிவப்பு நிற மாத்திரை வாரம் ஒன்று. இவை தடுப்புக்கான அளவுகள். இரத்தசோகை ஏற்கெனவே இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவே சரியானது.

உணவில் ஒரு செய்தி. நம் மலைநாட்டில் சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்தும் வழக்கம் உண்டு. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் உணவின் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கின்றன. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டால் போதும். கீரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வது இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். முதல் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் காலை உணவைத் தவிர்ப்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளலாகாது.

இரத்த தான முகாம் தரும் இலவசத் தகவல்

கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டமும், இளையோர் செஞ்சிலுவைச் சங்கமும், செஞ்சுருள் சங்கமும் இரத்த தான முகாம்களை நடத்துகின்றன. 18 வயது நிறைந்து, குறைந்தது 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ளவர் குருதி அளிக்கலாம். ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும், பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒரு முறையும் அளிக்கலாம்.

பல இளைஞர்களுக்கு வாழ்வில் முதன்முதலாக எடையும், இரத்த அழுத்தமும், ஹீமோகுளோபினும் பார்க்கப்படுவது இம்முகாமில்தான். அளிக்கப்பட்ட குருதி எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி மற்றும் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குக் கட்டாயமாகச் சோதிக்கப்படுகிறது. ஆனால் "உங்களுக்கு இரத்தம் குறைவு, நீங்கள் கொடுக்க இயலாது" என்று திருப்பி அனுப்பப்படும் மாணவி அடுத்து என்ன செய்கிறார்? பெரும்பாலும் வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார். முகாமை நடத்தும் பேராசிரியர்கள் அவ்வாறு திருப்பப்பட்டவர்களுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பிவைத்தால், கூடுதல் செலவு எதுவுமின்றி ஒரு நோய்த்தடுப்புத் திட்டமே உருவாகிவிடும்.

ஆண்டுக்கு ஒரு முறை ஐந்து கணக்குகள்

வங்கிக் கணக்கை ஆண்டு இறுதியில் சரிபார்ப்பதுபோல், ஒவ்வொரு கல்லூரி மாணவரும் ஆண்டுக்கு ஒரு முறை பின்வரும் ஐந்தைச் சரிபார்ப்பது நன்று.

முதலாவது, உயரமும் எடையும். கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுத்தால் உடல்நிறை எண் கிடைக்கும். 18.5க்குக் கீழே இருந்தால் எடை குறைவு; ஆசியர்களுக்கு 23க்கு மேல் சென்றாலே கவனம் தேவை.

இரண்டாவது, இரத்த அழுத்தம். 120க்கு 80 என்பதை ஒட்டி இருத்தல் நலம்.

மூன்றாவது, ஹீமோகுளோபின்.

நான்காவது, இரத்தச் சர்க்கரை. பெற்றோருக்கு நீரிழிவு இருந்தாலோ உடல் எடை மிகுந்திருந்தாலோ இது தவிர்க்கக்கூடாதது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் இருப்பதாக மதிப்பிட்டது. அந்த முந்தைய நிலை, உணவாலும் உடற்பயிற்சியாலும் பலருக்குத் திருப்பக்கூடியது.

ஐந்தாவது, கண்ணும் பல்லும். கரும்பலகை தெரியாமல் பின் இருக்கையில் மதிப்பெண்ணை இழக்கும் மாணவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு கண்ணாடி மட்டுமே.

இவற்றுடன் தடுப்பூசிக் கணக்கையும் பார்க்க வேண்டும். 10 வயதிலும் 16 வயதிலும் போடவேண்டிய டெட்டனஸ்-டிப்தீரியா தடுப்பூசி விடுபட்டிருக்கிறதா என்று கேட்டறியுங்கள். செவிலியர் படிப்பு, ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் பயில்வோருக்கு மஞ்சள்காமாலை பி தடுப்பூசி இன்றியமையாதது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் பொறுத்தவரை, 20 வயது வரையிலான பெண்களுக்கு ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. பள்ளி வயதில் போட்டுக்கொள்ளாத மாணவியர், மகப்பேறு மருத்துவரைக் கலந்து முடிவெடுக்கலாம். புனேயின் சீரம் நிறுவனம் இந்தியாவிலேயே இத்தடுப்பூசியைத் தயாரிக்கிறது.

ஏலத்தோட்டப் பகுதிக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. விடுமுறை நாள்களில் தோட்டத்தில் உதவும் மாணவர்கள் பூச்சிக்கொல்லி தெளிக்கும் இடத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் குளித்து, உடைமாற்ற வேண்டும். மழைக்காலத்தில் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வெறுங்காலோடு நடந்தபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; தோட்டத்தில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை தேவை. காசநோய்க்குச் சிகிச்சை இலவசம். அத்துடன், சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கிற்கே நேரடியாக வருகிறது. 500 ரூபாயாக இருந்த இத்தொகை 2024 நவம்பரில் உயர்த்தப்பட்டது.

மனமும் உடலின் பகுதியே

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். இந்த எண்ணை ஒரு புள்ளிவிவரமாகக் கடந்து செல்ல இயலாது. தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, நண்பர்களிடமிருந்து விலகுதல், வகுப்புக்குச் செல்லாமை ஆகியவை இரண்டு வாரத்திற்கு மேல் தொடர்ந்தால் அவை கவனிக்க வேண்டிய முன்குறிப்புகள். குடும்பத்தில் முதன்முதலாகப் படிப்பவர்கள் வீட்டின் எதிர்பார்ப்பைத் தோளில் சுமக்கிறார்கள். தோல்வியை வீட்டில் சொல்ல அஞ்சுவோரும் உண்டு. "மதிப்பெண் என்ன?" என்று கேட்பதற்கு முன் "நன்றாகத் தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா?" என்று பெற்றோர் கேட்கலாம்.

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையின் எண் 14416. கட்டணமில்லை, நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் திசா உதவி மையத்தின் எண் 1056, தமிழ்நாட்டில் 104. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. பிள்ளையைச் சேர்க்கும் முன் விடுதி வசதியைக் கேட்பதுபோல இதையும் கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் தகவல் வெளியிடப்படாதிருக்கும் உரிமையை உறுதிசெய்கிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

எல்லையில் வாழ்வோர் எங்கே செல்லலாம்?

ஆரம்ப சுகாதார நிலையம் கிராமத்தாருக்கும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டுமே உரியது என்று மாணவர்கள் கருதுகிறார்கள். அது அனைவருக்கும் உரியது. கேரளத்தில் 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின்கீழ் குடும்ப ஆரோக்கிய மையங்களாக உயர்த்தப்பட்ட நிலையங்களில் புறநோயாளி பிரிவு மாலையிலும் இயங்குகிறது. தமிழ்நாட்டின் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் திறந்திருக்கின்றன. வகுப்பை விடாமல் சென்றுவர இந்நேரங்கள் ஏற்றவை. மேற்சிகிச்சைக்குத் தேனி மாவட்டத்தில் க. விலக்கிலும், இடுக்கி மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. நேரில் செல்ல இயலாதபோது, மத்திய அரசின் இ-சஞ்சீவனி செயலி வழியாக மருத்துவரிடம் இலவச ஆலோசனை பெறலாம்.

எல்லைப் பகுதியில் கைப்பேசி எந்த மாநிலக் கோபுரத்தோடு இணைகிறது என்பதைச் சொல்வதற்கில்லை. ஆகவே அவசர ஊர்திக்கு 108ஐ அழைக்கும்போது மாநிலம், மாவட்டம், ஊர் மூன்றையும் தெளிவாகக் கூறுங்கள். 14 இலக்கம் கொண்ட ஆபா நலவாழ்வு எண்ணை எடுத்து, பரிசோதனை முடிவுகளை அதனோடு இணைத்து வைத்தால், இரு மாநில மருத்துவர்களும் உங்கள் ஒப்புதலுடன் அவற்றைப் பார்க்க முடியும்.

செலவைத் தாங்கும் ஏற்பாடுகள்

கொல்கத்தாவில் 1952இல் மாணவர்களும் மருத்துவர்களும் சேர்ந்து மாணவர் நல இல்லம் ஒன்றைத் தொடங்கினார்கள். கல்வி நிறுவனங்கள் வழியாக ஒவ்வொரு மாணவரும் ஆண்டுதோறும் செலுத்தும் சிறு சந்தாவே அதன் அடித்தளம். நோயுறாத பலரின் சிறு தொகை, நோயுற்ற சிலரைக் காக்கிறது. காப்பீட்டின் தத்துவமும் இதுதான். அவ்வகையில் நம் கையில் உள்ளவற்றைப் பார்ப்போம்.

பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம், சேமிப்புக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலான எவருக்கும் உரியது. ஆண்டுப் பிரீமியம் 20 ரூபாய். விபத்தில் உயிரிழப்போ முழு ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய், பகுதி ஊனத்திற்கு 1 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஜூன் 1 முதல் மே 31 வரை காப்புக் காலம். மலைப்பாதையில் நாள்தோறும் பயணம் செய்யும் மாணவருக்கு 18 வயது நிறைந்ததும் முதலில் செய்ய வேண்டியது இது. மே மாத இறுதியில் கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் காப்பு புதுப்பிக்கப்படாது என்பதை நினைவில் கொள்க.

2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவுகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துடனும், கேரளத்தில் காருண்ய ஆரோக்கிய பாதுகாப்புத் திட்டத்துடனும் இது இணைந்து நடக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிள்ளையின் பெயர் குடும்பத்தின் காப்பீட்டில் இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். எல்லை தாண்டிச் சிகிச்சை பெறுமுன், அம்மருத்துவமனை உங்கள் அட்டையை ஏற்குமா என்பதை அங்குள்ள காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பழைய முறையில் வருமான வரி செலுத்தும் பெற்றோர், 80டி பிரிவின்கீழுள்ள வரம்புக்குள், குடும்பத்தாரின் நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு பெறலாம். பிரீமியத்தை ரொக்கமாகச் செலுத்தினால் கழிவு இல்லை. பரிசோதனைக்கு ரொக்கம் செலுத்தினாலும் கழிவு உண்டு. கல்விக் கடன் பெறுவோர், மாணவருக்கான காப்பீட்டுப் பிரீமியத்தையும் கடன் தொகையில் சேர்க்க முடியுமா என்று தம் கிளையில் கேட்கலாம்; இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் அதற்கு இடமுண்டு.

மாதம் 100 ரூபாய் வீதம் ஒரு தொடர் வைப்புக் கணக்கை மாணவர் பெயரிலேயே தொடங்கினால், ஓராண்டில் அசல் மட்டும் 1,200 ரூபாய் சேரும். கண்ணாடிக்கோ பல் சிகிச்சைக்கோ அது கைகொடுக்கும். அதைவிட முக்கியம், தன் உடல்நலத்திற்குத் தானே பொறுப்பு என்னும் எண்ணம் அந்த மாணவரிடம் வேர்விடுவது.

ஒரு கல்விக் கடன் படிப்பு முடிந்த பிறகே திருப்பிச் செலுத்தப்படுகிறது. அதற்கு ஆதாரம் அந்த இளைஞர் வேலைக்குச் சென்று ஈட்டப்போகும் ஊதியம். அந்த ஊதியத்திற்கு ஆதாரம் அவருடைய நலமான உடலும் தெளிவான மனமும். வரும் பருவம் தொடங்குவதற்கு முன், கட்டண ரசீதோடு ஹீமோகுளோபின் சீட்டு ஒன்றும் உங்கள் பிள்ளையின் கோப்பில் இடம்பெறட்டும்.